ஆபீஸ் போனில் யாருக்கு எதுவரை அனுமதி, எந்தக் கால் எந்த லைனில் போக வேண்டும்: சேலம், ஏற்காடு கிளைகளை வைத்து ஒரு வழிகாட்டி

புது ஐபி-பிபிஎக்ஸ் (ஆபீஸ் போன்களையெல்லாம் இணைத்து வெளி லைனோடு சேர்க்கிற மெஷின்) வாங்கி மாட்டி, எல்லா எக்ஸ்டென்ஷனுக்கும், அதாவது உள் எண்ணுக்கும், எல்லாவற்றையும் திறந்துவிட்டு, போன் அடிக்கிறது, பேச முடிகிறது, சரி வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற பழக்கம் நம்ம ஊரில் இன்னும் இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் ஆபீஸ் பூட்டியிருக்கும்போது யாரோ வெளியிலிருந்து அந்த சிஸ்டத்துக்குள் புகுந்து ராத்திரி முழுக்க வெளிநாட்டுக்குப் பேசி, அந்த பில் முதலாளி மேஜைக்கு வந்த பிறகுதான் கட்டுப்பாடு என்ற பேச்சே எழுகிறது. அதற்கு முன்பே செய்துவிடலாம். பெரிய செலவும் இல்லை, இருக்கிற மெஷினிலேயே எல்லா வசதியும் உண்டு.

இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த போனிலிருந்து இந்த எண்ணுக்குப் பேசலாமா என்பது ஒன்று. பேசலாம் என்றால் அந்தக் கால் எந்த லைனில் வெளியே போக வேண்டும் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரே இடத்தில் போட்டுக் குழப்பினால் பிறகு ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு அனுமதி மாற்றப் போய் ரூட் (கால் வெளியே போகிற வழி) கெடும், ரூட்டை மாற்றப் போய் யாருக்கோ ஐஎஸ்டி (வெளிநாட்டுக் கால்) திறந்துகொள்ளும்.

உதாரணத்துக்கு ஒரு நிறுவனம். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் தலைமை அலுவலகம், செவ்வாய்ப்பேட்டையில் குடோன், ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட். ஜவுளி ஏற்றுமதியும் உண்டு, அதனால் வெளிநாட்டுக்குப் பேச வேண்டிய ஆட்களும் நாலு பேர் இருக்கிறார்கள். இந்த மாதிரி அமைப்பு நம்ம பக்கம் சாதாரணம் என்பதால் இதையே வைத்துக்கொண்டு போகலாம்.

எக்ஸ்டென்ஷன் எண்களில் தொடங்குங்கள்

மெஷினைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எண்களை எழுதுங்கள். அலுவலகத்துக்கு 2-ல் தொடங்கும் நாலு இலக்கம், குடோனுக்கு 3, ரிசார்ட்டுக்கு 4. வெளி லைன் எடுக்க 9. இதில் 0, 1, 9 மூன்றிலும் எந்த எக்ஸ்டென்ஷனும் தொடங்கக் கூடாது. 1 ஏன் கூடாது என்றால் அவசர எண்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன: 112, 100, 101, 108, 1098, 1930.

ரிசார்ட், லாட்ஜ் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். அறை எண்ணையே எக்ஸ்டென்ஷனாகக் கொடுப்பதுதான் வழக்கம். தரைத்தளத்து அறைகள் 101, 102 என்று போகும். அப்படிக் கொடுத்தால் 101 என்பது தீயணைப்பா, அறையா? 108 ஆம்புலன்ஸா, கடைசி அறையில் தங்கியிருக்கிற குடும்பமா? நெஞ்சுவலி என்று ஒருவர் ராத்திரி 108 அடிக்க, பக்கத்து அறையில் மணி அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அறைக் கதவில் 108 என்று எழுதியிருக்கட்டும், போனில் அது 4108 ஆக இருக்கட்டும். ஏற்கெனவே மூன்று இலக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தால் மற்ற எல்லா வேலையையும் தள்ளிவைத்துவிட்டு இதை முதலில் மாற்றுங்கள்.

வெளி லைனுக்கு 9 ஏன், பழைய ஈபிஏபிஎக்ஸ் மெஷின்களில் 0 தானே என்று கேட்பார்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குப் பேச முன்னால் 0 போட வேண்டும். வெளி லைனுக்கும் 0 என்றால் மொபைலுக்கு 0, மறுபடி 0, அப்புறம் 10 இலக்கம். ஐஎஸ்டிக்கோ மூன்று 0. மொபைலுக்கு அடிக்கப் போய் ஒரு 0 கூடுதலாக விழுந்தால் மெஷின் அதை வெளிநாடு என்று எடுத்துக்கொள்ளும். 9 வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. ஆட்கள் பழகுவதற்கு ஒரு வாரம் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான்.

யாருக்கு என்ன அனுமதி

முன்பெல்லாம் லோக்கல், எஸ்டிடி (வெளியூர்), ஐஎஸ்டி என்று மூன்று படி வைப்பார்கள். என் கருத்தில் லோக்கலையும் எஸ்டிடியையும் பிரிப்பதில் இன்றைக்குப் பெரிய பலன் இல்லை. பெரும்பாலான திட்டங்களில் இரண்டுக்கும் கட்டணம் ஒன்றுதான். அதோடு எண்ணைப் பார்த்துப் பிரிப்பதும் லேசில்லை. 0-ஐ நீக்கிவிட்டால் நம் நாட்டில் எந்த ஊர் எண்ணும் 10 இலக்கம்தான்: சேலம் 427 போட்டு 7 இலக்கம், ஏற்காடு 4281 போட்டு 6 இலக்கம். மொபைல் எண்கள் 6 முதல் 9 வரை தொடங்குகின்றன. ஆனால் பெங்களூர் லேண்ட்லைன் 80-ல் தொடங்கும், அகமதாபாத் 79-ல். 0-வுக்குப் பின் 8 வந்தால் மொபைல் என்று விதி எழுதிவைத்தால் பெங்களூர் பார்ட்டிக்கு அடிக்கிற காலும் மொபைல் ரூட்டில் போய் விழும். அதனால் மொபைல், எஸ்டிடி இரண்டையும் சேர்த்து 'இந்தியா முழுவதும்' என்று ஒரே வகுப்பாக வைப்பதுதான் நிம்மதி.

நான் வைக்கிற படிகள் இப்படி இருக்கும். அடிப்படையில் உள் அழைப்பும் அவசர எண்களும். இது ரிசார்ட் அறைகளுக்கும் வராந்தாவில் தொங்குகிற போனுக்கும். அதற்கு மேல் குறிப்பிட்ட சில வெளி எண்கள் மட்டும் சேர்த்த ஒரு வகுப்பு. குடோன் வாட்ச்மேன் போனுக்கு லாரி புக்கிங் ஆபீஸ், மேனேஜர் மொபைல், மின்வாரியப் புகார் எண் போதும், அவற்றை ஷார்ட் கோடாகப் போட்டுக் கொடுத்துவிட்டு மற்றதை அடைத்துவிடலாம். அடுத்து இந்தியா முழுவதும், இது அலுவலக ஊழியர்களுக்கும் ரிசார்ட் வரவேற்பு மேஜைக்கும். கடைசியில் ஐஎஸ்டி.

அவசர எண்கள் எல்லா வகுப்பிலும் இருக்க வேண்டும். பூட்டிய போனிலும், கடன் பாக்கிக்காக அவுட்கோயிங் நிறுத்திய எக்ஸ்டென்ஷனிலும் கூட. 112 என்று நேரடியாக அடித்தாலும் போக வேண்டும், பதற்றத்தில் 9 சேர்த்து 9112 என்று அடித்தாலும் போக வேண்டும். இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள்.

ஐஎஸ்டியை மொத்தமாகத் திறக்காதீர்கள். ஏற்றுமதிப் பிரிவு எந்த நாடுகளுக்குப் பேசுகிறது என்று கேட்டு, அந்த நாட்டுக் கோடுகளை மட்டும் திறங்கள்: ஜெர்மனி 49, பிரிட்டன் 44, துபாய்க்கு 971 என்று. அமெரிக்காவுக்கு 1 திறக்கும்போது கவனம். அந்த 1-க்குள் கனடாவும் இருக்கிறது, ஜமைக்கா, டொமினிகன் குடியரசு மாதிரியான கரீபியன் தீவுகளும் இருக்கின்றன. ஜமைக்கா 1876, டொமினிகன் 1809. மோசடி ஆசாமிகள் விரும்பி அடிக்கிற எண்களில் இந்த வகைத் தீவுகளும் சேர்த்தி. 001-ஐத் திறந்தால் 001876, 001809 போன்றவற்றைத் தனியாக அடைக்கும் விதியும் எழுத வேண்டும். அதற்கு மேலும் பாதுகாப்பு வேண்டுமென்றால் ஐஎஸ்டிக்கு ஆளுக்கொரு ரகசிய எண் கொடுங்கள். எண்ணை அடித்ததும் மெஷின் கோடு கேட்கும், சரியாக அடித்தால்தான் போகும். பில்லில் யார் பேசியது என்ற சண்டையும் வராது. ஒரே கோடை ஆபீஸ் முழுக்கப் பகிர்ந்துகொள்வது மட்டும் வேண்டாம்.

மெஷினில் எழுதுவது

சிஸ்கோவின் பிபிஎக்ஸ் மென்பொருளான கால்மேனேஜரில் பார்ட்டிஷன், கால்லிங் சர்ச் ஸ்பேஸ் என்ற இரண்டும்தான் ஆட்களை மிரட்டும். பார்ட்டிஷன் என்பது பூட்டு, கால்லிங் சர்ச் ஸ்பேஸ் என்பது சாவிக்கொத்து. ஒவ்வொரு எண் அமைப்பையும் ஏதாவது ஒரு பூட்டுக்குப் பின்னால் வைக்கிறீர்கள், ஒவ்வொரு போனுக்கும் ஒரு சாவிக்கொத்து கொடுக்கிறீர்கள், கொத்தில் சாவி இல்லாத கதவு அந்த போனுக்குக் கண்ணிலேயே படாது. எண்ணை பார்ட்டிஷன் எதிலும் போடாமல் விட்டால் அது எல்லாருக்கும் திறந்த கதவு, எனவே அப்படி எதையும் விடாதீர்கள்.

நாலு வகுப்பு, மூன்று இடம் என்றால் பன்னிரண்டு சாவிக்கொத்து தேவைப்படும் போலத் தோன்றும். தேவையில்லை. போனின் டிவைஸில் (போன் கருவிக்கான பதிவில்) போடுகிற சர்ச் ஸ்பேஸ் அந்த இடத்தின் எல்லா ரூட்டையும் திறந்து வைக்கட்டும், லைனில் (அந்த போனின் எக்ஸ்டென்ஷன் எண்ணுக்கான பதிவில்) போடுகிற சர்ச் ஸ்பேஸ் அனுமதி இல்லாதவற்றை அடைக்கட்டும். இடத்துக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று, மொத்தம் ஏழு போதும். லைன், டிவைஸ் இரண்டையும் சேர்க்கும்போது மெஷின் லைனை முதலில் வைக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: அதிகம் பொருந்துகிற விதிதான் ஜெயிக்கும், இரண்டும் சமமாகப் பொருந்தினால் மட்டுமே வரிசை பார்க்கப்படும். டிவைஸ் பக்கம் 9, 00, 49 என்று நுணுக்கமான ரூட் இருந்து, லைன் பக்கம் வெறும் 9, 00 என்று பொதுவாக அடைத்திருந்தால் ஜெர்மனிக் கால் ஜம்மென்று போய்விடும். அடைக்கிற விதி, திறக்கிற விதி அளவுக்காவது நுணுக்கமாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டு எண்களின் நீளம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், இன்னும் இலக்கம் வருமோ என்று மெஷின் காத்திருக்கும். கால்மேனேஜரில் அந்தக் காத்திருப்பு வழக்கமாக 15 விநாடி. கடைசியில் ஹாஷ் அடித்தால் உடனே போகும்படி இன்னொரு விதியும் சேர்த்துவிட்டு, ஏற்றுமதிப் பிரிவுக்குச் சொல்லிக் கொடுங்கள். 112, 108-க்கு இந்தக் காத்திருப்பு ஒரு நொடி கூட கூடாது, அவற்றுக்கு அவசர முன்னுரிமை என்ற டிக்கைக் கட்டாயம் போடுங்கள்.

ஃப்ரீபிபிஎக்ஸ், ஆஸ்டரிஸ்க் என்ற இலவச பிபிஎக்ஸ் மென்பொருள்களை வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஃப்ரீபிபிஎக்ஸில் அவுட்பவுண்ட் ரூட்கள் (வெளியே போகிற ரூட்கள்) மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும், முதலில் பொருந்தியதே எடுக்கப்படும். அதனால் அவசர எண்கள் உச்சியில், அப்புறம் தனியாக அடைத்த நாடுகள், அப்புறம் அனுமதித்த நாடுகள், கடைசியில் இந்தியா முழுவதும். பொதுவான விதி ஒன்று மேலே ஏறி உட்கார்ந்துகொண்டால் கீழே இருப்பதெல்லாம் வீண். ஆஸ்டரிஸ்கிலும் ஒரு கான்டெக்ஸ்டுக்குள் (விதிகளின் தொகுப்புக்குள்) மற்றவற்றைச் சேர்க்கும் வரிசை முக்கியம். எந்த எக்ஸ்டென்ஷனுக்கு எந்த ரூட் என்று பிரிக்கத் தனி மாட்யூல் விற்கிறார்கள். சின்ன ஆபீசுக்கு அது கூட வேண்டாம், ரூட்டின் டயல் பேட்டர்னில் காலர் ஐடி என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் எக்ஸ்டென்ஷன் எண்ணைப் போட்டாலே அந்த ரூட் அவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும்.

ஊழியர்கள் 9 அடித்து வெறும் 10 இலக்கம் மொபைல் எண்ணை அடித்தால் 0-வை மெஷினே சேர்த்துக்கொள்ளட்டும். 9-ஐ வெட்டு, 0-ஐ முன்னால் ஒட்டு என்று ஒரே விதி. உள்ளே வருகிற காலின் எண்ணுக்கு முன்னாலும் 9, 0 சேர்த்துவிட்டால் மிஸ்டு கால் பட்டியலிலிருந்து திருப்பி அழைப்பது ஒரே தட்டில் முடியும். லைன் கொடுக்கும் சில கம்பெனிகள் எண்ணை 91 சேர்த்து அனுப்புகின்றன, அதை முதலில் வெட்டிவிட்டு ஒட்டுங்கள்.

எந்தக் கால் எந்த லைனில்

ஏற்காடு போன்கள் ஏற்காட்டு லைனில் வெளியே போகட்டும், சேலம் போன்கள் சேலம் லைனில். மேலே ஏற்காட்டிலிருந்து வருகிற எல்லாக் காலையும் இணையம் வழியாக ஃபேர்லேண்ட்ஸுக்கு இழுத்து, அங்கிருந்து வெளியே விட்டால் ஒரே டிரங்க் (வெளி லைன் இணைப்பு) போதுமே என்று தோன்றும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மழைக்காலத்தில் மலைப்பாதையில் ஒரு மரம் சாய்ந்து கேபிள் அறுந்தால், ரிசார்ட்டில் உள்ள அத்தனை போனும் ஊமையாகிவிடும். ரிசார்ட்டிலிருந்து 112 அடித்தால் எதிர்முனையில் சேலம் நகரத்து 0427 எண் தெரியும். பதறிப்போன விருந்தாளிக்குத் தான் இருக்கிற தெருப் பெயர் கூடத் தெரிந்திருக்காது. சட்டமும் இருக்கிறது: கிளைகளுக்குள் பேசிக்கொள்வது வேறு, வெளிக் காலைச் சொந்த நெட்வொர்க்கில் வேறு ஊருக்குக் கடத்தி அங்கிருந்து வெளியே விடுவது வேறு. இரண்டாவதற்கு டோல் பைபாஸ் என்று பெயர், தொலைத்தொடர்புத் துறை விதிகளுக்குள் வருகிற விஷயம். இதைத் தடுக்கவே கால்மேனேஜரில் லாஜிக்கல் பார்ட்டிஷனிங் என்று ஒரு வசதி இருக்கிறது. கிளைகளை இணைக்கும்முன் லைன் கொடுக்கும் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே எண்ணை அடித்தாலும் இடத்துக்கு இடம் மெஷின் செய்கிற வேலை மாறும் என்பதையும் கவனியுங்கள். ஃபேர்லேண்ட்ஸில் ஒருவர் 9 அடித்து 7 இலக்கம் அடித்தால் அப்படியே லோக்கல் லைனில் போகலாம். அதே 7 இலக்கத்தை ஏற்காட்டில் அடித்தால் முன்னால் 0427 ஒட்டினால்தான் போகும், அங்கே லோக்கல் எண் 6 இலக்கம். அதற்கேற்ப இடத்துக்கு ஒரு ரூட் எழுதுங்கள்.

முதல் லைன் நிரம்பினால் அடுத்தது எது என்பதையும் வரிசையாகச் சொல்லிவைக்க வேண்டும். பிஆர்ஐ என்ற டிஜிட்டல் லைன் என்றால் 30 சேனல், அதாவது ஒரே நேரத்தில் 30 கால்; ஐபி வழியாக வருகிற எஸ்ஐபி டிரங்க் என்றால் நீங்கள் எத்தனை வாங்கினீர்களோ அத்தனை. ஏற்காட்டில் சிம் போடுகிற கேட்வே (மெஷினை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கிற பெட்டி) ஒன்றை இரண்டாவது வழியாக வைத்துக்கொண்டால் கேபிள் அறுந்தாலும் வரவேற்பு மேஜை பேச முடியும். சிம் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் மெஷினோடு தொடர்பு அறுந்தாலும் மேலே உள்ள போன்கள் தாங்களாகவே ஓடும்படி அங்கேயே ஒரு சின்ன கேட்வேயில் மாற்று ஏற்பாடு செய்ய முடியும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே வரும் கால்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் ரிசப்ஷன், 20 விநாடியில் எடுக்காவிட்டால் குழுவில் அடுத்தவர், ராத்திரி என்றால் வாட்ச்மேன் அல்லது மேனேஜர் மொபைல். மொபைலுக்குத் திருப்பினால் வந்த கால் ஒரு சேனல், போகிற கால் ஒரு சேனல், மொத்தம் இரண்டு போகும். மே மாதக் கோடை விழா சமயத்தில் ரிசார்ட்டுக்கு புக்கிங் கால்கள் குவியும்போது நாலு சேனல் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மொபைலுக்குத் திருப்பினால் இரண்டு பேருக்கு மேல் லைன் கிடைக்காது.

திருடன் வருகிற வாசல்கள்

பூட்டிய ஆபீசிலிருந்து வெளிநாட்டுக் கால் எப்படிப் போகிறது? பெரும்பாலும் நாம் வெளியே போவதற்கு எழுதிய ரூட்களை, உள்ளே வருகிற காலும் பயன்படுத்த முடிவதால்தான். டிரங்க் வழியாக வருகிற காலுக்குக் கொடுக்கும் சர்ச் ஸ்பேஸில் உள் எக்ஸ்டென்ஷன்கள் மட்டுமே இருக்க வேண்டும். ஆஸ்டரிஸ்கில் டிரங்கின் கான்டெக்ஸ்டுக்குள் வெளி ரூட்டைச் சேர்க்கவே கூடாது. இந்த ஒன்றைச் சரிபார்க்காமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

அடுத்தது கால் ஃபார்வர்டிங். போனில் ஐஎஸ்டி அடைத்திருப்பீர்கள், ஆனால் ஃபார்வர்டுக்கு கால்மேனேஜரில் தனி சர்ச் ஸ்பேஸ் உண்டு. அதைத் திறந்து விட்டிருந்தால் மாலையில் ஒருவர் எக்ஸ்டென்ஷனை வெளிநாட்டு எண்ணுக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டு வீட்டிலிருந்து தன் எக்ஸ்டென்ஷனுக்கு அடித்தாலே போதும், கால் வெளிநாட்டுக்குப் போய்விடும். ஃபார்வர்டை இந்திய எண்களோடு நிறுத்துங்கள், அதுவும் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும். வெளியிலிருந்து வந்த காலை இன்னொரு வெளி எண்ணுக்கே மாற்றிவிடுவதையும் அடைத்துவிடுங்கள். வெளியிலிருந்து அடித்து டயல் டோன் வாங்குகிற டிசா வசதி ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். வாய்ஸ்மெயில் கடவுச்சொல் 1234, அல்லது எக்ஸ்டென்ஷன் எண்ணே என்று இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். எஸ்ஐபி கால்கள் வந்துபோகிற 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தால் தானியங்கி நிரல்கள் ராப்பகலாக வந்து தட்டிக்கொண்டே இருக்கும். லைன் கொடுக்கும் கம்பெனியின் ஐபி முகவரியை மட்டும் ஃபயர்வாலில் அனுமதியுங்கள்.

ஐஎஸ்டிக்கு நேரக் கட்டுப்பாடும் வையுங்கள், காலை 9 முதல் இரவு 8 வரை போதும். ஐஎஸ்டி யாருக்கும் தேவையில்லாத லைன் என்றால், உதாரணமாகக் குடோன் லைன், கம்பெனியிடமே சொல்லி மொத்தமாக நிறுத்திவிடுங்கள். அங்கே அடைத்ததை உங்கள் மெஷினுக்குள் புகுந்து யாரும் திறக்க முடியாது.

எல்லாம் எழுதி முடித்ததும் உட்கார்ந்து சோதியுங்கள். கால்மேனேஜரில் டயல்டு நம்பர் அனலைசர் இருக்கிறது, போனைத் தொடாமலே எந்த விதி பிடிக்கிறது என்று காட்டும். ஆனாலும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு போனை எடுத்து போக வேண்டியது போகிறதா என்று பார்ப்பதோடு, போகக் கூடாதது நிற்கிறதா என்றும் அடித்துப் பாருங்கள். இரண்டாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வெளியே ஒரு மொபைலிலிருந்து உள்ளே அடித்து, அங்கிருந்து மறுபடி வெளியே போக முடிகிறதா என்றும் பாருங்கள். 112-ஐச் சோதிக்கும்போது எதிர்முனையில் எடுத்ததும் இது சோதனைக் கால் என்று சொல்லி உடனே வையுங்கள், ஒரே முறை போதும். ஏற்காட்டில் இணைய கேபிளைப் பிடுங்கிவிட்டு வரவேற்பு போனிலிருந்து ஒரு மொபைலுக்கு அடியுங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை கால் பதிவுகளை இறக்கி, இரவு 8-க்குப் பிறகு போன கால்களையும் 00-ல் தொடங்கும் கால்களையும் தனியாக வடிகட்டி, பில் பார்க்கிற கணக்காளர் கையில் கொடுத்துவிடுங்கள்.